வழுக்காத வண்டி

ஜனவரி பிறந்தால் நான் என் வீட்டுக்கு அடியில் போய்விடுவேன். செத்துப்போய் அல்ல, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு. வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பாதிப் பேரின் பிழைப்பு இதுதான். ஹோர்னாவன் ஏரி உறைந்து லாரி தாங்குகிற அளவுக்குக் கெட்டியானதும், இன்னும் கடைக்கு வராத கார்களைக் கறுப்பு வெள்ளை ஒட்டுத்தாளில் மூடி மறைத்துத் தெற்கிலிருந்து கொண்டுவந்து இறக்குவார்கள். அவற்றைப் பனியில் ஓட்டிப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஊரில் இருக்கிற விடுதிகள் எந்த மூலைக்கு? அதனால் நல்ல படுக்கை, பெரிய அடுப்பு, நல்ல கோப்பைகள் எல்லாவற்றையும் அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் நிலவறைக்கு இறங்குவோம். ஏப்ரலில் அவர்கள் போனதும் மறுபடி மேலே ஏறுவோம். அதுவரை நம் வீட்டில் வேறு யாரோ நடப்பதைக் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் வீட்டில் பல குளிர்காலங்களாக நடந்தது ஒரே ஆள். பெயர் ரைமுண்ட். ஜெர்மன்காரர், என் வயதுதான் இருக்கும். வேகக் கார் செய்கிற ஒரு நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர். அவருடைய ஊரில் அவருக்காகவும் காத்திருக்க ஆளில்லை என்பது அவருக்கு வருகிற தபால்களைப் பார்த்தே எனக்குத் தெரியும்: எல்லாம் மின்கட்டணம். காலையில் அடுப்படிக்கு நாலெட்டு, ஜன்னலுக்கு ஆறெட்டு, அப்புறம் காலணி மாட்டுகிற தொப்பென்ற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு எழுந்திருக்கத் தோன்றும்.

அந்தக் காலணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் வாங்கிய கனத்த கம்பளிக் காலணிகள். ஒவ்வொரு வருடமும் போகும்போது அவற்றைக் கூடத்துப் பாயில் விட்டுவிட்டுத்தான் போவார். அடுத்த வருடம் வருவேன் என்று அவர் சொன்னதில்லை. வருவீர்களா என்று நான் கேட்டதுமில்லை. காலணி இருக்கிறதே, பிறகென்ன கேள்வி?

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வாய் என்பது சாப்பிட மட்டும்தான். ஆமாம் என்று சொல்வதற்குக்கூட உதட்டைக் குவித்து, 'சுப்' என்று மூச்சை உள்ளே இழுப்போம். அவ்வளவுதான் ஆமாம். முதல் வருடம் ரைமுண்ட் எனக்குப் பல்வலி என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது உண்மையானால் இந்த ஊர் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

என் வேலை ஏரியில். அவர்கள் ஓட்டுவதற்கான பாதைகளைப் பனிமேல் போடுவது, காப்பது. என் டிராக்டருக்குப் பின்னால் இரண்டு கருவிகள் மாட்டலாம். ஒன்று சுழல் துடைப்பம். அதைப் போட்டால் பனிக்கட்டி கண்ணாடி ஆகிவிடும். இன்னொன்றை நாங்கள் சீப்பு என்போம். இரும்புப் பற்களால் கீறி விடும், டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். எந்தக் காலையில் எது என்பதைப் பெரும்பாலும் நான்தான் முடிவு செய்வேன்.

சனிக்கிழமை மதியம் ரைமுண்ட் கீழே இறங்கி வருவார். காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக் கொடுப்பேன். முதலில் முகத்தைச் சுளித்தவர், பிறகு கோப்பையின் அடியில் கரண்டியால் தேடுவார். அப்புறம் சண்டை தொடங்கும். எப்போதும் ஒரே சண்டை. என்னிடம் ஒரு பழைய வண்டி இருக்கிறது, ஆல்-வீல் டிரைவ், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அவருக்கு அது ஆகாது. வேகக் கார் என்றால் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் தள்ள வேண்டும், முன்சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை போதும் என்பது அவருடைய மதம்.

"உங்க வண்டி பொய் சொல்லுது மாய்லிஸ்," என்பார்.

"என் வண்டி வாயே தொறக்காது. அதனாலதான் வெச்சிருக்கேன்."

"அதேதான் நானும் சொல்றேன்! பின்சக்கரம் தள்ளுற வண்டில காலை லேசா அழுத்தினாலே பின்பக்கம் ஆடும். 'இங்க வழுக்குது, பாத்து வா'ன்னு மொதல்லயே சொல்லிடும். நாலும் இழுக்கிறது எதையும் காட்டிக்காது. ரோடு நல்லா இருக்குன்னு நெனச்சுட்டே போவீங்க. ஆனா நிக்கணும்னு வரும்போது? பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான். கெளம்பத்தான் அது உதவும், நிக்க உதவாது."

"போன வாரம் இடுப்பளவு பனி. உங்க பின்சக்கர மகாராஜாவை என் வாசல்லேர்ந்து யாரு வெளிய எடுத்தா?"

"நீங்க."

"நான் மட்டுமா?"

"ஹெல்மரோட டிராக்டரும்," என்பார் தலையைக் குனிந்துகொண்டு. ஹெல்மர் என்னோடு ஏரியில் வேலை செய்கிறவன்.

"நானூறு குதிரையப் பூட்டிட்டு ரெண்டு கால்ல மட்டும் ஓடுன்னா அது ஆடாம என்ன செய்யும்? நாலையும் ஊனட்டும், பாவம்."

"ஊனினா ஒரு ஆள் எடை கூடுது. வளைவுல திருப்பினா மூக்கு திரும்பாம நேரா காட்டுக்குள்ள போகுது. சரி, ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்த வண்டில போனா, ஆளில்லாத எடத்துல ஒரு தடவை பிரேக்கைத் தொட்டுப் பாருங்க. அப்பத்தான் கீழ என்ன இருக்குன்னு தெரியும். நான் எப்பவும் அப்படித்தான் செய்வேன்."

நான் செய்ததில்லை. எதற்கு? என் வண்டி வழுக்கியதே இல்லை.

என் முன்னாள் கணவன் தூரெயும் அப்படித்தான், நாலும் இழுக்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டை, ஒரு முணுமுணுப்பு கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டியோடு வாசலில் நின்றான். லூலியோ நகரத்தில் ஒரு பெண் பல் மருத்துவர் வீட்டோடு போய்விட்டான். இதை ஒருமுறை ரைமுண்டிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் கோப்பையில் இருந்த பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து என் கோப்பையில் போட்டார். அன்றைக்கு நான் மனத்துக்குள் இந்த ஆளிடம் விழுந்தேன். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன குளிர்காலம் அவர்கள் இரண்டு கார்கள் கொண்டுவந்தார்கள். ஒரே உடல், ஒரே இயந்திரம். ஒன்று பின்சக்கரத்தால் தள்ளுவது, இன்னொன்று நாலாலும் இழுப்பது. பட்டறையில் அவற்றுக்குப் பின்னங்கால், நாலுகால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை தலைமையிடத்திலிருந்து வீலாண்ட் அம்மா வந்து இரண்டையும் ஓட்டி, எது கடைக்கு வரும் என்று முடிவு செய்யப்போகிறார் என்று ரைமுண்ட் சனிக்கிழமை காபியில் சொன்னார்.

"நாலுகால் ஜெயிச்சா இன்னும் மூணு குளிர்காலம் இங்கதான் வேலை," என்றார். "முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவுன்னு இழுவையப் பங்கு பிரிச்சுப் பழக்கணும். அதுக்குப் பனி வேணும். பின்னங்கால் ஜெயிச்சா இதோட சரி. மிச்சத்த ஸ்பெயின்ல வெயில்ல பாத்துப்பாங்க."

"நீங்க?"

"நானும் ஸ்பெயின்தான்."

அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

"ஒரு உதவி," என்றார் என் முதுகிடம். "வியாழக்கிழமை காலைல வளைவுப் பாதைக்குத் துடைப்பம் போடாதீங்க. சீப்பு போடுங்க. கண்ணாடி மேல ரெண்டு காலு நிக்காது. கீறி விட்டா பின்னங்காலுக்கும் ஒரு நியாயம் கெடைக்கும். ஏமாத்து இல்ல, நெஜ ரோடு அப்படித்தானே இருக்கு." கோப்பையில் கட்டி தீர்ந்துபோயிருந்தது. கரண்டி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. "செய்வீங்களா?"

சுப், என்றேன். உடனே.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல." மேலே போய்விட்டார். படியேறிய காலடி கூடத்தின் நடுவில் நின்றது. அடுப்படிக்கும் போகவில்லை, ஜன்னலுக்கும் போகவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை காலை ஏரிக்குப் போனபோது கொட்டகையில் துடைப்பமும் சீப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. துடைப்பத்தை மாட்டினால் போதும். பின்னங்கால் அந்த அம்மாவைச் சுற்றிச் சுற்றி ஆட்டிவைக்கும், நாலுகால் ஜெயிக்கும், மேலே மூன்று குளிர்காலம் காலடி கேட்கும். மறந்துபோச்சு என்று சொன்னால் ரைமுண்ட் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார்.

ஹெல்மர் வயர்லெஸ்ஸில் கத்தினான். "என்ன மகராசி, கொட்டகைக்குள்ள தூங்கிட்டியா? சாமி ஊர்வலம் பத்து மணிக்கு வருது!"

"வாய மூடுடா. யோசிக்கிறேன்."

"ஐயோ! பனி உடைஞ்சுரப் போகுது!"

சீப்பை மாட்டினேன். தியாகம் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் திமிர். வழுக்கல் போட்டு ஒரு ஆளைப் பிடித்து வைப்பதா என்று ஒரு திமிர். அவர் இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில் வளைவுப் பாதை முழுவதையும் கீறித் தள்ளினேன். டிராக்டருக்குள் வேறு யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

வீலாண்ட் அம்மா முதலில் பின்னங்காலில் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் வாலை வீசிக்கொண்டு, பனித்தூள் பறக்க, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வந்தார். இறங்கியபோது கன்னம் சிவந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. ரைமுண்ட் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நாலுகால். நின்ற இடத்திலிருந்து அம்பு போலக் கிளம்பியது. ஆட்டமில்லை, அசைவில்லை. வளைவுகளில் மூக்கு கொஞ்சம் வெளியே போனது, அவ்வளவுதான். நேர்ப்பாதையில் வேகம் ஏறிக்கொண்டே போனது. கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, தாமதம். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பனிமேட்டுக்குள் கதவு வரை புதைந்தது. யானைக்கும் அடி சறுக்கும்.

டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்தேன். அந்த அம்மாவுக்கு அடி ஒன்றுமில்லை. தொப்பியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே நின்றார். ரைமுண்ட் ஓடி வந்தார். முகத்தில் வெற்றியை மறைக்கத் தெரியவில்லை.

"பாத்தீங்களா? கடைசி வரைக்கும் அது உங்ககிட்ட எதுவுமே சொல்லல."

"ஆமா," என்றார் அந்த அம்மா. "அந்த வண்டில மொத வளைவுலேர்ந்தே எனக்குப் பயம். சந்தோஷமான பயம்தான், ஆனாலும் பயம். இதுல மோதற வரைக்கும் பயமே வரல."

"அதைத்தான் தப்புங்கறேன். பயம் வர வேண்டிய எடத்துல வரணும்."

"ரைமுண்ட், உங்களுக்கும் எனக்கும் அது புடிக்கும். பயப்படறதுக்குக் காசு குடுத்து எத்தனை பேரு வாங்குவாங்க? பனியில மலையேறி வீட்டுக்குப் போகணும், பக்கத்துல பொண்டாட்டி தூங்கிட்டு வரணும், அதுதான் கேக்கறாங்க. நாலுகாலே இருக்கட்டும். எப்ப நிக்கணும்னு சொல்லித்தர அத நீங்க பழக்குங்க. மூணு குளிர்காலம் இருக்கே."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சொன்ன சொல்லும் காப்பாற்றியாகிவிட்டது, ஆளும் தங்கினார். டிராக்டரில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஹெல்மர் என்னைப் பார்த்துவிட்டு, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினான்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு மாவில் பன்றிக்கறி வைத்து உருண்டை அவித்தேன். வெண்ணெய், புளிப்பான லிங்கன் காட்டுப்பழக் கூழ் எல்லாம் எடுத்து வைத்தேன். ரைமுண்ட் வந்து மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மூணு குளிர்காலம்," என்றேன்.

"ஆமா." ஓர் உருண்டையை இரண்டாக வெட்டினார், சாப்பிடவில்லை. "கீறி விட்டதுக்கு நன்றி."

"நீங்கதானே கேட்டீங்க."

"ஆமா. நான்தான் கேட்டேன்."

தோற்ற வருத்தம் என்று நினைத்தேன். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். மார்ச் கடைசியில் அவர் கிளம்பியபோது வாசலில் நின்று கையசைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் பனிவாரியை எடுத்துக்கொண்டு வழியைச் சுத்தம் செய்யப் போய்விட்டேன்.

ஏப்ரலில் மேலே ஏறினேன். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கூடத்துப் பாயில் காலணிகள் இல்லை. அலமாரியில் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். விறகுக் கொட்டகையில்கூடப் போய்ப் பார்த்தேன், அங்கே எதற்கு இருக்கும் என்று தெரிந்தும். பாயில் இரண்டு காலடி அளவுக்கு மட்டும் நிறம் வெளுக்காமல் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன்.

இந்த ஜனவரியில் வந்தவன் யானிக். முப்பது வயது, நல்ல பையன், இரண்டு படி தாண்டித் தாண்டி ஏறுகிறவன். நாலுகாலைப் பழக்க வந்திருக்கிறான். முதல் சனிக்கிழமை காபிக்குக் கூப்பிட்டேன். பாலாடைக்கட்டியைப் பார்த்ததும் சிரித்தான்.

"ரைமுண்ட் சொல்லியிருக்காரு, இதைக் குடுப்பீங்கன்னு. பயப்படாம சாப்பிடுன்னாரு."

"எப்படி இருக்காரு?" கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"வேலைய விட்டுட்டாரு. பழைய வண்டிங்களுக்குப் பட்டறை வெச்சிருக்காரு. எல்லாம் பின்சக்கரம் தள்ளுறது." கொஞ்சம் தயங்கினான். "உங்ககிட்ட இதச் சொல்லலாமான்னு தெரியல. வேலைய விட்டுக் கெளம்பற அன்னிக்கு ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் சொன்னாரு. அந்தப் பாதையக் கீறச் சொல்லி உங்களக் கேட்டதே, நீங்க வேணாம்னு சொல்றீங்களான்னு பாக்கத்தானாம். பின்னங்கால் ஜெயிச்சா திரும்பி வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் கேட்டாராம். நீங்க ஒடனே சரின்னுட்டீங்களாம். 'ஒரே ஒரு தடவ பிரேக்கைத் தொட்டுப் பாத்தேன். அந்தம்மா கொஞ்சம்கூட வழுக்கல'ன்னாரு."

துடைத்த கரண்டியை மறுபடி துடைத்தேன்.

"நம்பர் இருக்கு. வேணுமா?"

"எனக்கெதுக்கு?" என்றேன்.

அது தானாக வந்தது. யோசித்துச் சொன்னதல்ல. என் வாய் அப்படிப் பழகியிருக்கிறது. யானிக் தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டு படி தாண்டித் தாண்டி மேலே போய்விட்டான்.

இத்தனை காலம் தூரெயைத்தான் அந்தக் கணக்கில் வைத்திருந்தேன், காட்டிக்கொள்ளாத ஆள் என்று. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் டிராக்டருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள். அதை யார் பார்த்திருக்க முடியும்?

சாவியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது, பாதையில் யாருமில்லை. என் பழைய வண்டி எப்போதும் போல முனகாமல் வேகமெடுத்தது. நேர்ப்பாதையின் நடுவில், வண்டி வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, பிரேக்கை மிதித்தேன். தொட்டுப் பார்க்கவில்லை, மிதித்தேன். வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, வழுக்கி, வழுக்கி, நிற்கவே போவதில்லை என்பது போலப் போய், பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது.

ஹெல்மர் சங்கிலியோடு வந்தான். "என்ன மகராசி, நாலுகாலுமா வழுக்குச்சு?"

"நாலும்தான்டா," என்றேன். "எப்பவுமே வழுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

அவன் கிண்டல் செய்ய வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சங்கிலியை மாட்டினான்.

வீட்டுக்கு வந்து நிலவறைக்கு இறங்காமல் வெளிப்படியில் ஏறி, என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். யானிக் பல்துலக்கியை வாயில் வைத்துக்கொண்டு திறந்தான்.

"வேணும்," என்றேன். "அந்த நம்பர்."

கூடத்தில், அந்த வெளுக்காத இரண்டு காலடியின் மேல் நின்றுகொண்டு போன் செய்தேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. மறுபடி அடித்தது. அவர் எடுத்தால் மூச்சை உள்ளே இழுத்துவிடக் கூடாது என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.